நுரையீரலின் காவலர்களும் கதிர்வீச்சும்

"அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு" என்பது நம் முன்னோர் மொழி. இது உணவுக்கு மட்டுமன்று, மருந்துக்கும் பொருந்தும். அதிலும் கண்ணால் காண முடியாததும், மணமோ சுவையோ அற்றதும், உடலில் பட்டாலும் நாம் உணர முடியாததுமான ஒரு மருந்துக்கு மிக நன்றாகப் பொருந்தும். அதுவே கதிர்வீச்சு. முறிந்த எலும்பைக் காட்டித் தருவதும் அதுவே. புற்றுநோயை அழிப்பதும் அதுவே. அளவு மிஞ்சினால் நல்ல உடலை வாட்டுவதும் அதுவே.

மார்பகப் புற்றுநோய்க்கோ நுரையீரல் புற்றுநோய்க்கோ கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்கள் நம் உறவினரிலும் அண்டை வீட்டாரிலும் இருக்கின்றனர். பல வாரச் சிகிச்சை முடிந்து, வீட்டார் நிம்மதிப் பெருமூச்சு விட்டு, இரண்டு மூன்று மாதங்கள் சென்ற பின்னர் அவர்களில் சிலருக்கு வறட்டு இருமல் தொடங்குகிறது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. உடனே வீட்டில் ஒருவர், "நோய் திரும்பி வந்துவிட்டதோ?" என்று அழுகிறார். மற்றொருவர், "பனிக்காலத்துச் சளிதானே, கஷாயம் குடித்தால் சரியாகிவிடும்" என்கிறார். மூன்றாமவரோ, "அத்தையின் பக்கத்தில் போகாதே, கதிர் உன்னையும் தாக்கும்" என்று பிள்ளைகளைத் தடுக்கிறார். எங்கள் வகுப்புத் தோழியரிடையே இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, இம்மூன்று பேச்சையும் கேட்காத வீடே இல்லை எனத் தெரிந்தது.

சிகிச்சை முடிந்து இத்தனை நாள் கழித்து இருமல் ஏன் வருகிறது? இதற்கு விடை காண வேண்டுமானால், நம் நுரையீரலுக்குள் இரவு பகலாகக் காவல் புரியும் சில சின்னஞ்சிறு செல்களை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

திறந்த வாயிலும் அதன் காவலர்களும்

நம் உடலின் உள்ளுறுப்புகளுள் வெளியுலகோடு ஓயாமல் தொடர்புகொள்வது நுரையீரலே. இதயமும் கல்லீரலும் மூடிய அறைக்குள் வாழ்கின்றன. நுரையீரலோ எப்போதும் திறந்திருக்கும் வாயில். ஒரு நாளில் நாம் ஏறத்தாழ 20,000 முறை மூச்சு விடுகிறோம். அந்த மூச்சோடு ஏறத்தாழ 10,000 லிட்டர் காற்று உள்ளே சென்று வருகிறது. காற்று மட்டுமா செல்கிறது? தெருப் புழுதி, அடுப்புப் புகை, கரும்பலகைச் சுண்ணத்தூள், நோய்க்கிருமிகள் ஆகிய அனைத்தும் அழையா விருந்தாளிகளாக உடன் செல்கின்றன.

மூக்கிலுள்ள மயிர்களும், மூச்சுக்குழாயின் சளிப்படலமும் பெரிய தூசிகளைத் தடுத்துவிடும். மூச்சுக்குழாயின் உட்புறத்தில் நெற்பயிர் போல அசைந்துகொண்டே இருக்கும் நுண்ணிய குறு இழைகள், சளியையும் அதில் ஒட்டிய தூசியையும் மேல்நோக்கித் தள்ளிவிடும். ஆனால் மிக நுண்ணிய துகள்கள் இத்தடைகளைக் கடந்து கடைசி அறை வரை போய்விடுகின்றன. திராட்சைக் குலை போன்ற அந்தக் கடைசி அறைகளையே காற்று நுண்ணறைகள் என்கிறோம். இரு நுரையீரல்களிலும் சேர்த்து இவை 30 கோடிக்கும் மேற்பட்டவை. இவற்றின் சுவர் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கைக் காட்டிலும் மெல்லியது. அப்போதுதான் ஆக்சிஜன் எளிதாக இரத்தத்திற்குள் நுழைய முடியும். இவ்வளவு மெல்லிய சுவருக்குப் பக்கத்தில் கிருமி ஒன்று வந்துவிட்டால் காப்பவர் யார்?

அங்கேதான் நம் காவலர்கள் நிற்கின்றனர். இவர்களில் முதன்மையானவர் 'மேக்ரோபேஜ்' எனப்படும் பெருவிழுங்கணுக்கள். பெயருக்கேற்ப இவை கிருமியையும் தூசியையும் அப்படியே விழுங்கிச் செரித்துவிடும். நல்ல உடல்நலம் உள்ள, புகைபிடிக்காத ஒருவரின் நுண்ணறைகளைச் சிறிது உப்புநீரால் கழுவி எடுத்துப் பார்த்தால், அதில் கிடைக்கும் செல்களில் நூற்றுக்கு 85-க்கும் மேற்பட்டவை இவையே. எஞ்சியவற்றில் பெரும்பகுதி 'லிம்போசைட்' எனப்படும் நிணநீர் அணுக்கள்.

செல் ஒன்று கிருமியை விழுங்கும் என்ற உண்மையை உலகுக்குக் காட்டியவர் ரஷ்யப் பேரரசில் பிறந்த அறிஞர் இலியா மெச்னிக்காஃப். 1882-ஆம் ஆண்டு இத்தாலியின் மெசினா நகரில், கண்ணாடி போல ஒளி ஊடுருவும் நட்சத்திர மீனின் இளம் உயிரிக்குள் அவர் ஒரு சிறு முள்ளைச் செருகி வைத்தார். மறுநாள் பார்த்தபோது, நகரும் செல்கள் பல அம்முள்ளைச் சூழ்ந்து நின்றன! இந்தக் கண்டுபிடிப்பு வளர்ந்து, 1908-ஆம் ஆண்டு பால் எர்லிக் என்பவரோடு அவருக்கு நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது.

பெருவிழுங்கணு நம் பள்ளி வாயிற்காவலரைப் போன்றது. வருவோர் யாராயினும் முதலில் தடுத்து நிறுத்தும். நிணநீர் அணுவோ பழைய வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்திருக்கும் ஆசிரியையைப் போன்றது. "இந்தக் கிருமி முன்பும் வந்திருக்கிறதே!" என்று அடையாளம் கண்டு, அதற்கென்றே உரிய படையைத் திரட்டும். பெருவிழுங்கணுவுக்கு இன்னொரு கடமையும் உண்டு. சிறு தூசிக்கெல்லாம் ஊரைக் கூட்டாமல், அமைதியாக இருந்து நுண்ணறையைச் சுத்தமாக வைத்துக்கொள்வதே அது. மூச்சு விட இடம் வேண்டிய அறையில் எந்நேரமும் போர் நடக்கலாமா? இந்த அமைதிக் கடமையை நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னர் இதுவே நமக்கு உதவும்.

கதிர் பட்டால் செல்லுக்கு நேர்வது என்ன?

1895-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஜெர்மனியின் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டில் பெக்கரல் யுரேனியத்தின் கதிரியக்கத்தையும், 1898-இல் கியூரி தம்பதியர் பொலோனியத்தையும் ரேடியத்தையும் கண்டறிந்தனர். இவற்றின் கதிர்கள் உடலை ஊடுருவிச் செல்லும்போது வழியிலுள்ள அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைத் தட்டிவிடுகின்றன. நம் செல்லில் பெரும்பகுதி நீர். அந்த நீர் உடைந்து, எதையும் பற்றித் தாக்கும் தன்மையுள்ள துண்டுகளாகிறது. அவை செல்லின் உட்கருவில் உள்ள டி.என்.ஏ. என்னும் இரட்டை இழையை அறுக்கின்றன. சில சமயம் கதிரே நேராகவும் அறுத்துவிடுகிறது.

ஓர் இழை மட்டும் அறுந்தால் செல் அதனைத் தைத்துக்கொள்ளும். இரண்டும் ஒரே இடத்தில் அறுந்தால் தைப்பது கடினம். புற்றுநோய்ச் செல் ஓயாமல் பிளந்து பெருகுவது. தையல் முடியுமுன் பிளக்க முயன்று அது அழிகிறது. கதிர்வீச்சுச் சிகிச்சையின் அடிப்படை இதுதான்.

இந்தக் கதிர்வீச்சை அளக்க 'கிரே' என்னும் அலகு பயன்படுகிறது. ஒரு கிலோகிராம் உடற்பொருள் ஒரு ஜூல் ஆற்றலை ஏற்றுக்கொண்டால் அது ஒரு கிரே. பிரிட்டன் நாட்டு இயற்பியல் அறிஞர் லூயிஸ் ஹெரால்டு கிரே அவர்களின் நினைவாக 1975-ஆம் ஆண்டில் இப்பெயர் சூட்டப்பட்டது. மார்பை ஒருமுறை எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கும்போது நுரையீரலுக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒரு கிரேயின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. புற்றுநோய்ச் சிகிச்சையில் ஒரு நாளைக்குக் கட்டியின் மீது செலுத்துவது வழக்கமாக 2 கிரே. அப்படியானால் ஒரு நாள் சிகிச்சை என்பது 20,000 எக்ஸ் கதிர்ப் படங்களுக்குச் சமம்! மருத்துவர் எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கச் சொன்னால் அஞ்சி ஓடும் பெரியோர்கள் இந்தக் கணக்கைச் சற்று எண்ணிப் பார்ப்பார்களாக. படம் எடுப்பது வேறு; சிகிச்சை வேறு.

மெல்லியவர் மாய்வர், வலியவர் எஞ்சுவர்

இனி நம் காவலர்களிடம் வருவோம். கதிர் பட்டால் எல்லாக் காவலரும் ஒரே அளவில் துன்புறுவர் என்று நாம் நினைக்கலாம். உண்மை அப்படியன்று. நம் உடலிலேயே கதிர்வீச்சுக்கு மிக எளிதில் இரையாகும் செல்களில் ஒன்று நிணநீர் அணு. 1903-ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய மருத்துவர் ஹைனெக்கே, சிறு விலங்குகளின் மீது எக்ஸ் கதிரைச் செலுத்தி, அவற்றின் மண்ணீரலிலும் நிணநீர்க் கணுக்களிலும் இருந்த இவ்வணுக்கள் விரைவில் அழிந்துபோவதைக் கண்டறிந்தார். ஓரிரண்டு கிரே அளவே இவற்றில் பெரும்பகுதியை மாய்த்துவிடப் போதுமானது.

ஏன் இவ்வளவு மென்மை? நிணநீர் அணு தேவைப்படும்போது ஒன்று பலவாகப் பெருகி ஒரு படையாகக் கூடியது. பழுதுபட்ட ஒன்று அப்படிப் பெருகினால் உடலுக்கே கேடு. ஆகையால் தன் இழை அறுந்துவிட்டது என்று உணர்ந்தவுடன், பழுது பார்க்கக் காத்திராமல், அது தன்னைத்தானே முடித்துக்கொள்கிறது. வீட்டைக் காக்கத் தன்னைக் கொடுக்கும் பண்பு இது எனலாம்.

இந்த மென்மை மருத்துவர்களுக்கு ஒரு அளவுகோலாகவும் பயன்பட்டது. 1986-ஆம் ஆண்டு ஏப்ரல் 26 அன்று, அப்போதைய சோவியத் நாட்டைச் சேர்ந்த செர்னோபில் அணு உலையில் விபத்து நேர்ந்தது. உலைப் பணியாளரிலும் தீயணைப்பு வீரரிலும் 134 பேருக்குக் கடுமையான கதிர்வீச்சு நோய் உறுதியாயிற்று. அவர்களில் 28 பேர் அடுத்த சில மாதங்களில் உயிர் துறந்தனர். யார் எவ்வளவு கதிர்வீச்சு பெற்றார் என்பதை மதிப்பிட, இரத்தத்தில் நிணநீர் அணுக்கள் எவ்வளவு வேகமாகக் குறைகின்றன என்பதும் மருத்துவர்களுக்கு உதவிற்று.

பெருவிழுங்கணுவின் இயல்பு இதற்கு நேர்மாறானது. அது முதிர்ந்த செல், அடிக்கடி பிளப்பதில்லை. நிணநீர் அணுவை மாய்க்கும் அளவு கதிரை அது தாங்கிக்கொண்டு உயிரோடு நிற்கும். ஆகச் சிகிச்சைக் கதிர் பட்ட நுரையீரல் பகுதியில், முதல் சில நாட்களிலேயே நிணநீர் அணுக்கள் மடிகின்றன. பெருவிழுங்கணுக்களில் பல எஞ்சுகின்றன.

"வலிய காவலர் எஞ்சிவிட்டனரே, இனி என்ன கவலை?" என்று கேட்கத் தோன்றும். தோழியரே, இருமலின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

வேலியே பயிரை மேய்ந்தது போல

கதிர் நுண்ணறையின் சுவரையும் தாக்கியிருக்கிறது. அச்சுவரில், நுண்ணறை சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் ஒரு வழவழப்பான பொருளைச் சுரக்கும் செல்கள் உண்டு. அவை காயமடைகின்றன. நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவரும் காயமடைந்து நீர் கசிகிறது. மடிந்த செல்களின் சிதைவுகள் எங்கும் கிடக்கின்றன. எஞ்சி நிற்கும் பெருவிழுங்கணு இதையெல்லாம் காண்கிறது. கிருமி ஒன்றும் இல்லைதான். ஆனால் அதற்கு, சிதைவைக் கண்டால் எச்சரிக்கை மணி அடிக்கத்தான் தெரியும். அது பலவகை வேதிப் பொருட்களைச் சுரந்து இரத்தத்தில் இருக்கும் மற்ற வெள்ளணுக்களை அழைக்கிறது.

அவை கூட்டமாக வருகின்றன. அப்படி வருவோரில் 'மோனோசைட்' என்னும் இளம் அணுக்களும் உண்டு. இவை நுரையீரலில் இறங்கி, மாண்டுபோன பெருவிழுங்கணுக்களின் இடத்தில் புதிய பெருவிழுங்கணுக்களாக மாறுகின்றன. பழைய காவலர்களோ நாம் பிறந்த காலத்தை ஒட்டியே நுரையீரலில் குடியேறி, அங்கேயே தம் இனத்தைப் பெருக்கி, அமைதிக் கடமையைக் கற்றவர்கள். புதியவர்களுக்கு அந்த அமைதி தெரியாது. எலிகளில் செய்த ஆய்வுகள், இப்புதியவர்களே அழற்சியையும் தழும்பையும் மிகுதியாகத் தூண்டுகின்றனர் என்று காட்டியுள்ளன.

நிணநீர் அணுக்களும் சும்மா இருப்பதில்லை. நுரையீரலில் இருந்தவை மடிந்தாலும் இரத்தத்திலிருந்து புதியவை வந்து சேர்கின்றன. ஒரு பக்க மார்பில் மட்டும் சிகிச்சை பெற்ற மார்பகப் புற்றுநோயாளரின் நுரையீரல்களை ஆராய்ந்து 1988-ஆம் ஆண்டிலும் 1993-ஆம் ஆண்டிலும் ஆய்வுகள் வெளியாயின. கதிர் பட்ட பக்கத்தில் மட்டுமன்றி, கதிரே படாத மறுபக்க நுரையீரலிலும் நிணநீர் அணுக்கள் மிகுந்திருந்தன! கதிர் செய்யும் கேடு, கதிர் பட்ட இடத்தோடு முடிந்துவிடுவதில்லை. காவலர்களின் கலக்கம் அதனை வேறிடத்துக்கும் கொண்டு செல்கிறது என்பதற்கு இது சான்று.

இந்தக் கலக்கம் உச்சம் அடைய வாரங்கள் ஆகும். எனவேதான் இருமல் சிகிச்சையின்போது வராமல், பெரும்பாலும் சிகிச்சை முடிந்து ஒன்று முதல் மூன்று மாதங்களில் தலைகாட்டுகிறது. சிலருக்கு ஆறு மாதம் வரையிலும் ஆகலாம். வறட்டு இருமல், மூச்சுத் திணறல், சிறு காய்ச்சல், மார்பில் இறுக்கம் ஆகியவை இதன் அறிகுறிகள். மருத்துவர்கள் இதைக் கதிர்வீச்சு நுரையீரல் அழற்சி என்கின்றனர்.

இது தணியாமல் நீடித்தால் மற்றொரு தீங்கு நேரும். பெருவிழுங்கணுக்களும் மற்றச் செல்களும் சுரக்கும் ஒரு வளர்ச்சிப் பொருள், நார் நெய்யும் செல்களைத் தூண்டிவிடுகிறது. அவை காயத்தை அடைப்பதாக எண்ணி நாரை நெய்துகொண்டே போகின்றன. கையில் தீப்பட்டு ஆறிய இடத்தில் தோல் தடித்து இறுகிப்போவதைக் கண்டிருக்கிறோம். நுண்ணறைச் சுவரிலும் அவ்வாறே தழும்பு ஏற்படுகிறது. பலூனின் மேல் அங்கங்கே கனத்த துணியை ஒட்டி வைத்தால் அது எப்படி விரியும்? ஆறு மாதத்திற்குப் பின் மெல்ல மெல்லத் தோன்றும் இந்தத் தழும்பை மீண்டும் பஞ்சு போன்ற நுரையீரலாக மாற்ற இயலாது. ஆகவே அழற்சி நிலையிலேயே அதைக் கண்டுகொள்வது மிக மிக அவசியம்.

மூச்சோடு உள்ளே புகும் கதிர்

இதுவரை வெளியிலிருந்து செலுத்தும் கதிரைப் பற்றிப் பார்த்தோம். கதிர்வீச்சு நுரையீரலை அடைய இன்னொரு வழியும் உண்டு. அது நாம் சுவாசிக்கும் காற்று.

ஜெர்மனியின் ஷ்னீபெர்க் என்னும் சுரங்க ஊரில் பல தலைமுறைகளாகத் தொழிலாளர் நெஞ்சுநோயால் மாண்டு வந்தனர். 1879-ஆம் ஆண்டு ஹார்ட்டிங், ஹெஸ்ஸே என்னும் இரு மருத்துவர்கள் அது நுரையீரலில் வரும் கொடிய கட்டி என்று அறிவித்தனர். காரணம் பின்னரே விளங்கிற்று. யுரேனியம் உள்ள பாறையிலிருந்து 'ரேடான்' என்னும் கதிரியக்க வாயு கசிகிறது. அது சிதைந்து உண்டாகும் பொலோனியம் தூசியில் ஒட்டிக்கொண்டு மூச்சோடு உள்ளே சென்று, ஆல்ஃபா துகள்களை வீசுகிறது. ஆல்ஃபா துகளை ஒரு தாள்கூடத் தடுத்துவிடும். உடலுக்குள் அது ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு தூரம்கூடச் செல்லாது. ஆனால் அந்தச் சிறு தூரத்திற்குள் தன் ஆற்றல் முழுவதையும் கொட்டிவிடுகிறது. அதனால் பக்கத்திலிருக்கும் செல்லுக்குப் பெருங்கேடு.

கதிரியக்கத் தூசியைக் கண்டதும் நம் பெருவிழுங்கணு என்ன செய்யும்? வழக்கம்போல விழுங்கிவிடும். சுண்ணத்தூளைப் போல எண்ணி அணைத்துக்கொள்ளும். அது கதிரை வீசும் துகள் என்பதை அறியாது. சில காவலர்கள் அத்துகளைச் சுமந்து மூச்சுக்குழாய் வழியே மேலேறி வெளியேற்றிவிடுகின்றன. சில, அதைச் சுமந்தவாறே நிணநீர்க் கணுக்களுக்குச் சென்று சேர்கின்றன. கரையாத துகளாயின் அது அங்கேயே நெடுங்காலம் தங்கிவிடும். துகளைத் தாங்கிய காவலர் மாண்டால் வேறொரு காவலர் அதை எடுத்துக்கொள்ளும்.

பல நாடுகளில் புகைபிடித்தலுக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாவது ரேடான் வாயுவே. இதில் வியப்பான செய்தி ஒன்று. புகையிலையிலும் சிறிதளவு கதிரியக்கப் பொலோனியம் இருக்கிறது. புகைபிடிப்பவர் அதையும் சேர்த்தே உள்ளிழுக்கிறார். அவர் நுரையீரலின் காவலர்களோ ஏற்கெனவே கரி தின்று களைத்திருப்பவர்கள்.

அளவே காப்பு

இவ்வளவு கேடு உண்டென்றால் கதிர்வீச்சுச் சிகிச்சையே வேண்டாம் என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. எத்தனையோ தாய்மாரை அச்சிகிச்சை தம் குழந்தைகளிடம் திருப்பி அனுப்பியிருக்கிறது. கேட்டைக் குறைக்கவே மருத்துவ உலகம் நூறாண்டுக்கும் மேலாக உழைத்து வருகிறது.

முதலாவது, பங்கிட்டுக் கொடுத்தல். நுரையீரல் புற்றுநோய்க்கு 60 கிரே தேவை என்றால், அதை ஒரே நாளில் கொடுப்பதில்லை. நாளுக்கு 2 கிரேயாக, வாரத்திற்கு ஐந்து நாள், ஆறு வாரம் கொடுக்கின்றனர். இடைவேளையில் நல்ல செல்கள் தம் இழைகளைத் தைத்துக்கொள்கின்றன. இரண்டாவது, குறி பார்த்துச் செலுத்துதல். உடல் முழுவதும் ஒரே நேரத்தில் 4 கிரே பட்டாலே உயிருக்கு ஆபத்து. ஆனால் சிகிச்சையில் கதிர் பல திசைகளிலிருந்து வந்து கட்டியின் மீது மட்டும் ஒன்றுகூடுகிறது. நுரையீரலில் 20 கிரேக்கு மேல் பெறும் பகுதி மொத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று முன்கூட்டியே கணக்கிடுகின்றனர். அந்தக் கணக்கைப் போடும் மருத்துவ இயற்பியலாளரை நோயாளர் பெரும்பாலும் காண்பதே இல்லை. நம் கணக்குப் பாடம் ஓர் உயிரின் மூச்சைக் காக்கும் என்று எண்ணும்போது அதன் மீது நமக்குள்ள கோபம் சற்றுக் குறையத்தான் செய்கிறது!

அளவின் விந்தைக்கு இன்னொரு சான்றும் உண்டு. மிகக் குறைந்த அளவில், அதாவது ஒரு கிரேக்கும் கீழே, கதிர்வீச்சு பெருவிழுங்கணுக்களின் கலக்கத்தைத் தணிப்பதாகச் சோதனைச்சாலை ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது. பெனிசிலின் வருவதற்கு முன்னர் 1905-ஆம் ஆண்டு தொடங்கிச் சில மருத்துவர்கள் நிமோனியாவுக்கு எக்ஸ் கதிரைக் கொடுத்து வந்தனர். நல்ல மருந்துகள் வந்த பின் அது கைவிடப்பட்டது. 2020-இல் கொரோனாத் தொற்றின்போது இந்தியா உட்படச் சில நாடுகளில் சிறு எண்ணிக்கை நோயாளரிடம் அதனை மீண்டும் சோதித்துப் பார்த்தனர். அது வழக்கமான சிகிச்சையாக ஏற்கப்படவில்லை. ஆயினும் அதே கதிர், அதே காவலர். அளவு மாறினால் விளைவும் மாறுகிறது என்பதை இது காட்டுகிறது.

நாம் செய்யத்தக்கவை

இக்கட்டுரையைப் படிக்கும் தோழியரும், பெற்றோரும், அருட்சகோதரியரும் நினைவிற்கொள்ள வேண்டியவை சில.

மார்பில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவருக்குச் சிகிச்சை முடிந்த ஆறு மாதத்திற்குள் புதிதாக இருமலோ மூச்சுத் திணறலோ வந்தால், வீட்டு வைத்தியத்தில் நாட்களைக் கழிக்காமல், சிகிச்சை அளித்த மருத்துவரிடமே செல்ல வேண்டும். வேறு மருத்துவரிடம் போக நேர்ந்தால், "கதிர்வீச்சு கொடுத்திருக்கிறார்கள், இன்ன மாதத்தில் முடிந்தது" என்பதை மறவாமல் சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியமே நோயைக் காட்டிக் கொடுக்கும் திறவுகோல். நம் நாட்டில் காசநோயும் இருப்பதால், இரண்டு வாரத்திற்கு மேற்பட்ட இருமலுக்குச் சளிப் பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது.

இது கிருமியால் வந்த அழற்சி அன்று. எனவே கிருமிக்கொல்லி மாத்திரை மட்டும் இதைத் தீர்க்காது. காவலர்களின் கலக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தை மருத்துவர் கொடுப்பார். இருமல் நின்றுவிட்டது என்று அதை நாமாகத் திடீரென நிறுத்தக் கூடாது. மருத்துவர் சொல்லும் முறைப்படி சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும்.

சிகிச்சை பெறுபவரின் இரத்தத்தில் நிணநீர் அணுக்கள் குறைந்திருக்கும். ஆகவே சளி, காய்ச்சல் உள்ளவர்கள் அவரைப் பார்க்கப் போவதைத் தள்ளி வைக்கலாம். அவர் இருக்கும் வீட்டில் யாரும் புகைபிடிக்கக் கூடாது.

கடைசியாக, மிக முக்கியமான ஒன்று. வெளியிலிருந்து இயந்திரத்தால் கதிர் செலுத்தப்பட்டவரின் உடலில் கதிர் தங்குவதில்லை. விளக்கை அணைத்தால் அறையில் ஒளி தங்குகிறதா? அதுபோலத்தான் இதுவும். அவர் அருகில் அமரலாம். ஒரே தட்டில் உண்ணலாம். அவர் மடியில் தலை வைத்துப் படுக்கலாம். கதிரியக்க மருந்தை உடலுக்குள்ளேயே செலுத்தும் சில வேறு சிகிச்சைகளுக்கு மட்டும் சில நாள் விலகியிருக்க வேண்டும். அப்போது மருத்துவரே அதை எடுத்துச் சொல்வார். ஏற்கெனவே நோயால் வாடியவரை நம் அறியாமையாலும் வாட்டலாமா?

கதிர்வீச்சை அமுதம் என்று கொண்டாடவும் வேண்டாம். நஞ்சு என்று வெறுக்கவும் வேண்டாம். நம் வீட்டில் யாரேனும் அச்சிகிச்சையை முடித்துத் திரும்பி வந்தால், தினமும் அவர் அருகில் அமர்ந்து, "இன்றைக்கு இருமல் எப்படி இருக்கிறது, பெரியம்மா? படி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா?" என்று கேட்போம். அவர் சொல்லும் விடையைத் தேதியோடு ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைப்போம். மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டுப் புத்தகத்தையும் மறவாமல் எடுத்துச் செல்வோம்.

— பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு